கேப்பை மூட்டையை மடியில் வைத்திருந்தவர்

அந்தோணி அண்ணன் இறந்துவிட்டார் என்று அவர் மனைவி லூர்து அண்ணியின் கடிதம் வந்தபோது, என் மகள் உமா வாசலில் ஓடிக்கொண்டிருந்தாள். ‘ஞாயிறு அடக்கம் முடிந்தது. பாப்பா நடக்குதான்னு போன வாரம்கூடக் கேட்டார்’ என்று எழுதியிருந்தார். நடக்கிறாள் அண்ணே, ஓடவே செய்கிறாள் என்று ஒரு கார்டு போட்டிருக்கலாம். போடவில்லை. திண்டிவனத்தில் அவரை அறிந்த உங்களுக்குத் தாமதமாகத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்கு அவர் லாரிகளுக்குக் கமான் பட்டை போடுகிறவர். அச்சின் மேல் அடுக்கடுக்காக வளைந்து நின்று பாரத்தைத் தாங்கும் அந்த எஃகுப் பட்டைகளில் அவர் கை படாத லாரி உங்கள் ஊரில் குறைவு. எங்களுக்கு அவர் அறிமுகமானது ஒரு சிவப்புக் காரால்.

என் கணவரின் பெரியப்பா பாண்டிச்சேரியில் டிரைவராக இருந்தவர். ஊரைவிட்டுப் போன முதலாளி அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன பழைய சீமை ஸ்போர்ட்ஸ் கார் எங்களிடம் வந்தது. இரண்டே இருக்கை; தரையோடு தரையாக ஓடும். “மூணு பேரு குடும்பத்துக்கு ரெண்டு பேரு காரு!” என்று என் மாமியார் கேலி செய்வார். விற்றுவிடுங்கள் என்று நச்சரித்தவள் நான்.

உமா இடுப்பு மூட்டு விலகிப் பிறந்தாள். நான்காம் மாதத்தில் இரண்டு கால்களையும் அகட்டி மாவுக்கட்டுப் போட்டார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போய் டாக்டரிடம் காட்ட வேண்டும். பஸ் நெரிசலில் யாராவது இடித்து, மூட்டு மறுபடி விலகிவிட்டால்? எனக்கு அதே நினைப்பு. அப்போதுதான் என் கணவர் காரை அண்ணனிடம் கொண்டுபோனார்.

“தூக்கித் தூக்கிப் போடுது, ஸ்ட்ராங்கா பண்ணிக் குடுங்க” என்றாராம். லாரிப் பட்டறையில் ஸ்ட்ராங் என்றால் இன்னொரு பட்டை. அண்ணனும் பக்கத்துக்கு ஒன்று சேர்த்துவிட்டார். உமாவை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். முதல் பாலத்திலேயே கார் எங்களை இருக்கையிலிருந்து எழுப்பிவிட்டது. உமா வீறிட்டாள். இறங்கி, வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினேன். நல்லவேளை, கட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இனி அந்தக் காரில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, என் கணவர் சொல்லிக் கேள்விப்பட்டு, ஒரு கரும்பு லாரியில் ஏறி அண்ணனே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். உட்காரக்கூட இல்லை.

“கரும்பு லோடுக்குப் பட்டை போட்டுட்டேம்மா, பாரம் இல்லன்னா அது வளைஞ்சி குடுக்காது. உங்களுக்குப் போடல. தப்பு என்னுதுதான். நீங்க எவ்ளோ வெயிட்டு?”

சொன்னேன்.

“பாப்பா?”

“ஆறு கிலோ அண்ணே.”

“மாவுக்கட்டோடவா?”

கட்டோடு ஏழரை. எனக்கே அப்போதுதான் உறைத்தது.

ஒரு வாரம் வேலை நடந்தது. தடித்த பட்டைகளைக் கழற்றி மெல்லியவற்றை வளைத்துப் போட்டார். காய்ந்து வெடித்த ரப்பர் புஷ்களை மாற்றினார். காருடன் வந்த பழைய ஷாக் அப்சார்பர்களை எடுத்துவிட்டு, ஜீப்புக்குப் போடும் புதியவற்றுக்கு இடம் வெல்டு செய்து பொருத்தினார்.

பட்டை மாற்றியவரே முதல் ஓட்டத்தில் அச்சுக்கு நேர் மேலே உட்கார்ந்து போக வேண்டும் என்பது அவர் பட்டறை வழக்கம். இந்தக் காரில் பின்பக்கம் உட்கார ஏது இடம்? என் இருக்கையில் உட்கார்ந்தார். ஆள் ஒல்லி, என் எடைக்கு ஈடாகக் காலடியில் ஒரு சாக்கில் கொஞ்சம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. மடியில் ஏழரைக் கிலோ கேப்பை மூட்டை. என் கணவர் ஓட்ட, திண்டிவனத்திலிருந்து எங்கள் வாசல்வரை அப்படியே வந்தார்.

“இன்னாண்ணே, மூட்டையக் கட்டிப் புடிச்சிக்கினு வர்றீங்க?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

“பாப்பாய்யா இது. சத்தம் போடாத, தூங்குது.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “ஆடிச்சா அண்ணே?” என்று கேட்டேன்.

“ஆடும்மா. ஆடாத வண்டி ஏது? ஆனா தூக்கிப் போடாது. அதப் பாக்கத்தான் நானே உட்கார்ந்துக்கினு வந்தேன்.”

அடுத்த முறை ஏறினேன். அந்தப் பாலம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பாலம் பின்னால் இருந்தது. உமா தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டுப் பிரிக்கும்வரை எல்லாப் பயணமும் அந்தக் காரில்தான்.

கேப்பையை அவர் திருப்பி வாங்கவில்லை. “கூழ் காச்சிக் குடுங்க” என்றார். கொடுத்தேன். அந்தத் துணிப்பை இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘ஆடாத வண்டி ஏது’ என்று அவர் சொன்ன அந்தச் சொல்லும். இதை எழுதும்போது உமா வாசற்படியில் தடுக்கினாள். முன்பென்றால் பேனாவைப் போட்டுவிட்டு ஓடியிருப்பேன். இப்போது பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு ஆட்டம் ஆடி, நிலையைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் ஓடினாள்.