சம்பந்தி தட்டிலிருந்து எடுத்த மீன்

என் மகளுக்குப் பார்த்திருந்த, இல்லை, அவளே பார்த்துக்கொண்ட பையனின் வீட்டார் எங்களை முதன்முதலாகச் சந்திக்க அழைத்தது நுங்கம்பாக்கத்தில் ஒரு பெரிய ஓட்டலுக்கு. வீட்டுக்கு வருகிறோம் என்றிருந்தால் இரண்டு நாள் முன்பே ஜன்னல் துணியைத் துவைத்துப் போட்டிருப்பேன். ஓட்டல் என்றதும் எதைத் துவைப்பது என்று தெரியவில்லை.

மகளுக்கும் அந்தப் பையனுக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் ஒரே கம்பெனியில் வேலை. தினமும் கம்பெனி பஸ்ஸில் ஒன்றாகப் போய்வந்த பழக்கம். அவர்களும் எங்களைப் போலக் கத்தோலிக்கர்கள்தான், அதனால் கோயில் தகராறு ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் அண்ணா நகர், நாங்கள் காசிமேடு. பையனின் அம்மாவுக்குச் சம்மதம். அப்பா மட்டும், பெண் வீட்டாரை ஒருதரம் நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று இழுத்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு வார்த்தையில் என் மகளுக்கு ஒரு வாரம் தூக்கம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவர் எங்களைப் பார்த்துவிட்டு என்ன சொல்லப் போகிறாரோ, அதில்தான் எல்லாம் இருந்தது.

எங்களை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பார்க்க வேண்டியிருந்தது என் வீட்டுக்காரரை. நான் ரயில்வேயில் டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவள், வெளியில் சொல்லிக்கொள்ளலாம். அவர் மீன் எடுக்கிறவர். விடியும் முன்னே துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, வெளியூருக்கு லாரி ஏற்றுவார். விரலால் ஒரு அழுத்து அழுத்தி, பிடித்து எத்தனை நாள் ஆகிறது என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னது தப்பி நான் பார்த்ததில்லை. மற்ற எல்லா விஷயத்திலும் தப்பாகத்தான் சொல்வார், அது வேறு கதை.

சனிக்கிழமை சாயங்காலம் மகள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நைனா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. அங்க வந்து மீனு கதைய மட்டும் எடுக்காத."

"நா இன்னா கதம்மா எடுக்கப் போறேன்?"

"எடுப்ப. மீன்னு காதுல வுழுந்தா போதும், உனுக்கு நிறுத்தவே தெரியாது. அவங்க அப்பா ஏற்கெனவே ஒரு மாதிரியா கீறாரு. நல்லதோ கெட்டதோ, மீனப் பத்தி வாயத் தொறக்காத. எனக்கோசரம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. உன்னைப் படிக்க வைத்தது என் சம்பளம் பாதி, அந்த மீன் பாதிடி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் கண்ணாலேயே என்னை அடக்கினார்.

"சரிம்மா. தொறக்கல," என்றார்.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் மறுபடியும் குளிக்கப் போனார். காலையில் ஒருதரம் குளித்தாயிற்று. யாரும் அவரைக் குளிக்கச் சொல்லவில்லை. பாத்ரூமில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் கூடத்தில் நின்றேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஓட்டலைக் குறை சொல்லக் கூடாது. உள்ளே போனதும் குளுகுளுவென்று இருந்தது. நாற்காலியை இழுத்துவிட்டார்கள், மடியில் துணியை விரித்துவிட்டார்கள். பரிமாறுகிற பிள்ளை, தண்ணீரில் சாதா வேண்டுமா, குமிழி விடுகிறது வேண்டுமா என்று கேட்டான். என் வீட்டுக்காரர் சாதா என்றார். சூப் வந்தது. கிண்ணம் சட்டி அளவு, சூப் நாலு கரண்டி. ஆனால் அந்த நாலு கரண்டியும் அருமையாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். பையனின் அம்மா குளிரில் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "நாலு தடவை வந்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் சாப்பாடு ஆறுறதுக்கு முன்னாடி நான் ஆறிப்போயிடறேன்," என்றார். எனக்கு அந்த அம்மாவை அப்போதே பிடித்துவிட்டது.

பையனின் அப்பாவுக்கோ அந்த ஓட்டல் சொந்த வீடு மாதிரி. பரிமாறுகிற பிள்ளைகளை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மெனு அட்டையைத் திறக்காமலே, எனக்கும் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கோழி, தனக்கும் தன் மனைவிக்கும் என் வீட்டுக்காரருக்கும் மீன் என்று சொல்லி முடித்துவிட்டார்.

"சூரை மீன். ஜப்பான்காரன் பக்குவத்துல செய்வான். இன்னைக்குப் பிடிச்சு இன்னைக்கே வர்றது. உங்க பக்கத்துல எல்லாம் இப்படிக் கிடைக்காது," என்றார் என் வீட்டுக்காரரிடம்.

அது தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கிற பருவம் என்று வருஷத்தில் இரண்டு மாதம் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. காசிமேட்டில் படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. அதனால்தான் என் வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சாப்பிடவே நேரம் கிடைத்தது. இன்றைக்குப் பிடித்த சூரை எந்தக் கடலிலிருந்து வந்தது என்று அவர் கேட்டிருக்கலாம். என்னைப் பார்த்தார். நான் மடியில் இருந்த துணியைப் பார்த்தேன்.

"அப்பிடீங்களா?" என்றார். அவ்வளவுதான்.

மீன் வந்தது. கறுப்புத் தட்டில் ஆளுக்கு ஒரு கனமான துண்டு, மேலே எள்ளு, பக்கத்தில் ஏதோ கீரை. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். மெல்லுகிற தாடை நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்துபோயிற்று. சூரை ஐஸ் இல்லாமல் கிடந்து கெட்டால் நாற்றம் வராது, நிறம்கூட அதிகம் மாறாது. நாக்கு நுனியில் மிளகைக் கடித்த மாதிரி ஒரு சுருக் மட்டும் வரும். அதைத் தின்றால் கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து அரிக்கும், சிலருக்கு மூச்சுகூட வாங்கும். எங்கள் பக்கத்தில் மீன் தொடுகிற எல்லாருக்கும் இது தெரியும்.

அவருக்கு நேர் எதிரில் பையனின் அம்மா கத்தியையும் முள்கரண்டியையும் வைத்துக்கொண்டு முதல் துண்டை நறுக்கப் போனார். என் வீட்டுக்காரர் கையை நீட்டி, அந்த அம்மாள் தட்டிலிருந்த மீனை முழுசாகத் தூக்கித் தன் தட்டில் வைத்துக்கொண்டார்.

அந்த அம்மாவின் கத்தி வெறும் தட்டில் போய்ப் பட்டது.

இதை இங்கே விளக்கித்தான் ஆக வேண்டும். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. விருந்துக்கு வந்தவர் முன்னால் மீன் கெட்டுப்போயிற்று என்று வாயால் சொல்லமாட்டோம். சொன்னால் சமைத்தவளுக்கு அவமானம், விருந்து கொடுத்தவனுக்கும் அவமானம். யாருக்கு முதலில் தெரிகிறதோ அவர் பேசாமல் பக்கத்துத் தட்டிலிருந்து துண்டை எடுத்துத் தன் தட்டில் ஒதுக்கிக்கொள்வார். அதைப் பார்த்ததும் மற்றவர்கள் தங்கள் மீனைத் தொடமாட்டார்கள். பேச்சு அதுபாட்டுக்கு நடக்கும், குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். என் அப்பா அப்படி எடுத்து நான் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். என் மகள் பார்த்ததில்லை. கெட்ட மீன் எங்கள் வீட்டு வாசப்படி ஏறியிருந்தால்தானே பார்த்திருப்பாள்?

ஆக, அந்த மேஜையில் அர்த்தம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மற்ற நாலு பேர் கண்ணுக்கும் தெரிந்தது, அடுத்தவர் தட்டிலிருந்து மீனைப் பிடுங்கித் தின்கிற ஒரு மனுஷன்.

மேஜையின் அந்தக் கோடியில் தன் மீனை மென்றுகொண்டே பையனின் அப்பா சிரித்தார். "அவ்வளவு பிடிச்சுப்போச்சா? இன்னொரு பிளேட் சொல்லட்டுமா? கூச்சப்படாதீங்க."

மகளின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கழுத்து வரைக்கும் சிவந்துபோய்க் குனிந்திருந்தாள்.

என் வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், விஷயம் தெளிந்துவிடும். ஆனால் அந்த வார்த்தையைத்தான் அவர் சொல்லக் கூடாது.

"பாக்க நல்லா இருந்திச்சிங்க. கை போயிடிச்சி," என்றார்.

சொல்லிவிட்டுச் சும்மாவாவது இருந்தாரா? ஆசைப்பட்டு எடுத்ததை ஒதுக்கிவைத்தால் சந்தேகம் வரும் என்று, தன் துண்டையும் அந்த அம்மாவின் துண்டையும் ஒன்றுவிடாமல் தின்றார். பரிமாறுகிற பிள்ளை ஓடிவந்து அந்த அம்மாவுக்கு வேறு மீன் கொண்டுவரட்டுமா என்றான். "வேண்டாம்ப்பா, எனக்குப் பசி அடங்கிடுச்சு," என்று அவர் தட்டைத் தள்ளிவைத்தார். குரலில் பழைய சிரிப்பு இல்லை.

நான் பேசியிருக்கலாம். நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கவுண்டரில் வருகிற போகிறவர்களிடம் எல்லாம் நாக்கைச் சுழற்றுகிறவள், அன்றைக்கு வாய்க்குள் கோழியை வைத்துக்கொண்டு ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தேன். சம்பந்தி நடத்துகிற விருந்தில் மீன் கெட்டது என்று சொன்னால் சம்பந்தமே கெட்டுவிடும் என்று பயம். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் இளநீரில் செய்த ஒரு இனிப்பு வந்தது. நாக்கில் வைத்ததும் கரைந்தது. அவ்வளவு வேதனையிலும் அது எனக்கு ருசித்தது, என்ன செய்ய. சாப்பாடு எப்படி என்று கேட்டு ஒரு சின்னப் பலகை போனைக் கொண்டுவந்து நீட்டினார்கள். பையனின் அப்பா ஐந்து நட்சத்திரத்தையும் அழுத்திவிட்டு, "நீங்களும் போடுங்க," என்று கொடுத்தனுப்பினார். என் வீட்டுக்காரரும் ஐந்தை அழுத்தினார். மீன் விஷயத்தில் அவர் பொய் சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான். விடைபெறும்போது, "யோசிச்சுச் சொல்றோம்," என்றார் பையனின் அப்பா.

டாக்சியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் மகள் கேட்டாள். "இன்னாத்துக்கு நைனா அவங்க தட்ல கை வெச்ச? நம்ம வூட்ல சோறே இல்லன்னு நெனச்சிருப்பாங்க."

"தப்புதாம்மா," என்றார் அவர். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அழுவது தெரிந்தது. டிரைவர் இருந்ததால் நானும் வாயை மூடிக்கொண்டேன், அல்லது டிரைவரைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

ராயபுரம் பாலம் ஏறும்போது அவர் கழுத்தைச் சொறிய ஆரம்பித்தார். வீடு வந்து சேருவதற்குள் காது மடல் சிவந்து, சட்டையைக் கழற்றினால் முதுகெல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்திருந்தது. மகள் பதறிப்போனாள்.

"இன்னாம்மா இது?"

"இன்னாவா? மீனு. கெட்ட மீனு," என்றேன். அதற்குமேல் அடக்க முடியவில்லை. வழக்கத்தையும், அவர் ஏன் எடுத்தார் என்பதையும், ஏன் தின்றார் என்பதையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கொஞ்சம் திட்டினேன். கொஞ்சம் இல்லை, நிறையவே.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சேவா தின்ன? ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா நைனா?"

"நீ தானம்மா நல்லதோ கெட்டதோ பேசாதன்ன," என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார்.

தெருமுனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டுபோனோம். ஊசி போட்டு மாத்திரை கொடுத்தார். இனிமேல் சூரை வேண்டாம் என்று அவரிடம் போய்ச் சொன்னார். வீட்டுக்கு வந்து அவரைப் படுக்கவைத்தோம். மகள் தரையில் உட்கார்ந்து அவர் முதுகுக்குக் காலமைன் தடவிக்கொண்டிருந்தாள். ஆறு மணி இருக்கும், அவள் போன் அடித்தது. பையனின் அம்மா. கையெல்லாம் மருந்தாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பாவுக்கு எப்படிம்மா இருக்கு? இவருக்கு உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு. ஆஸ்பத்திரியில இருந்து இப்பத்தான் வந்தோம். மீன்தான் காரணம்னு டாக்டர் சொன்னார். எனக்கு ஆஸ்துமா உண்டு, நான் தின்னிருந்தா என்ன ஆயிருக்குமோ. உங்கப்பா என் தட்டுல இருந்து ஏன் எடுத்தார்னு வர்ற வழியெல்லாம் யோசிச்சுட்டு வந்தேன். அவருக்குத் தெரிஞ்சிருக்கு, இல்ல?"

"தெரியும் ஆன்ட்டி."

"அப்ப இவர் தட்டுல இருந்தும் எடுத்திருக்கலாமே?"

"அவ்ளோ தூரம் கை எட்டல ஆன்ட்டி. வாயாலயே சொல்லியிருப்பாரு. நான்தான், அங்க வந்து மீனப் பத்திப் பேசக் கூடாதுன்னு சொல்லி எங்க நைனாவக் கூட்டினு வந்தேன். அவரு மீன் ஏவாரம் பண்றது எனக்கு அசிங்கமா இருந்திச்சி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணம் நிற்குமா நடக்குமா என்று தெரியாத நேரத்தில் யாராவது மாமியாராகப் போகிறவளிடம் இப்படிச் சொல்வார்களா? என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்தவர் அப்படியே அசையாமல் கிடந்தார். போனில் தள்ளி எங்கேயோ ஒரு ஆண் குரல் ஏதோ சொன்னது கேட்டது.

"இவர் பேசணுங்கிறார். நிச்சயத்துக்கு என்னைக்கு வரலாம்னு அப்பாவைக் கேக்கணுமாம்," என்றார் அந்த அம்மா.

மகள் உடுத்தியிருந்த புடவையில், அதுவும் என் புடவை, கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அவர் தோளைத் தொட்டுத் திருப்பினாள்.

"நீயே பேசு, நைனா," என்றாள்.