ஒசாக்காவிலிருந்து வந்த இரைச்சல்

எண்பதுகளின் தொடக்கத்தில் பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தேன். ஒசாக்காவில் எனக்கு ஒரு பேனா நண்பர் இருந்தார். பகலில் புத்தகக் கடையில் வேலை, மாலையில் இசை என்று எழுதுவார். ஒருமுறை அந்த இசையைக் கசெட்டில் அனுப்பினார்.

போட்டேன். தகரம் கிழிந்தது. மைக் வீரிட்டது. அதற்கடியில் ஒரு மனிதன் கத்திக்கொண்டிருந்தான். பாட்டும் இல்லை, தாளமும் இல்லை. ஈரத்தில் நாடா கெட்டுவிட்டதென்று நினைத்து கசெட் பிளேயரின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். இரைச்சல் இன்னும் துலக்கமாக வந்தது.

அந்த ஞாயிறு என்னிடம் கடிதம் எழுதி வாங்க வந்திருந்தார், தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலரைப் பல வருடமாக ஓட்டுபவர். வாசலிலேயே நின்று கேட்டார்.

"கெட்டுப்போகலிங்க ஐயா. ஆளுதான் செய்யிறாரு."

"எப்பிடித் தெரியும்?"

"மிஷினு மூச்சு வாங்காதுங்களே. இவரு நடுவுல நிப்பாட்டி வாங்குறாரு."

இரண்டாம் முறையும் போடச் சொன்னார். முடிந்ததும் என் பக்கம் குனிந்தார். காது இரண்டு வருடமாக மங்கிவிட்டதாம். ரேடியோவில் பாட்டு வெறும் முணுமுணுப்பாம். இது மட்டும் முழுசாகக் கேட்கிறதாம்.

"தொரைக்குத் தெரிஞ்சா மிஷின உட்டு எடுத்து மலை வேலைக்கு அனுப்பிருவாரு. வீட்டுலயும் சொல்லல. பயந்துரும்."

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் வந்தார். எனக்கும் அந்த இரைச்சல் பழகியது. தகரக் கூரையில் பெருமழை விழும்போது பேச்சை விட்டுவிட்டு எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்போம். அந்த நிம்மதி அதில் இருந்தது.

ஒரு ஞாயிறு அவர் மனைவியும் கூட வந்தார். "எங்க போறாருன்னு பாக்கத்தான் வந்தேங்க" என்று சிரித்தார். நண்பரின் படத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்ட ஒல்லி இளைஞர், தான் அடித்து இசைக்கும் தகரத் தகட்டை நெஞ்சோடு அணைத்துத் தலை குனிந்து நின்றார்.

"இந்தப் புள்ளையா? பாத்தா தண்ணி கேக்கக்கூட வெக்கப்படும் போல இருக்கு."

அது உண்மைதான். கடைக்கு வருகிறவர்களிடம் பேச வராது, அந்தச் சத்தத்துக்குள் மட்டும் யாரிடமும் கூச்சமில்லை என்று நண்பரே எழுதியிருந்தார். அதைத் தமிழில் சொன்னேன். நான் சொல்வது நன்றாகக் கேட்பதற்காக அந்த அம்மா ஒலியைக் குறைத்தார். நாடா ஓடிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சிருச்சா?" என்றார் கணவர்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். அவர் ஸ்டூலை இழுத்துக் கணவருக்கு நேரே போட்டு உட்கார்ந்தார்.

"கூப்புட்டா திரும்ப மாட்டீங்க. என்மேல கோவம்னு நெனச்சேன்."

கணவருக்கு அது கேட்கவில்லை. அவர் முழங்காலைத் தொட்டு, அந்த அம்மா உரக்க அதையே மறுபடி சொன்னார்.

"ஒன்மேலயா? கோவமா?" என்று தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

அந்த அம்மா எழுந்து ஒலியை முழுக்கக் கூட்டினார். சேலைத் தலைப்பால் தன் காதுகளைப் பொத்திக்கொண்டு, நாடாவின் அந்தப் பக்கம் முடியும்வரை கணவர் அருகிலேயே உட்கார்ந்திருந்தார்.