பிளாஸ்டிக் ஜன்னலில் ஒரு கைநாட்டு

மதுக்கரைப் பக்கம் நாங்கள் வீடு கட்டியது தொண்ணூறுகளின் கடைசியில். அதற்கு முன் குடியிருந்த வாடகை வீட்டில் கரையான் தின்ற ஜன்னல் ஒருநாள் திறந்தபோது கையோடு வந்துவிட்டது. நம் வீட்டுக்குப் பிளாஸ்டிக் ஜன்னல்தான் என்று அன்றே முடிவு செய்தேன். அப்போது எங்கள் பக்கம் அதைப் பார்த்தவர்களே குறைவு.

“ஏனம்மணி, குடம், பக்கெட்டு போயி ஜன்னலும் பிளாஸ்டிக்கா? வெயிலுக்கு உருகிப்போச்சுன்னா என்ன பண்ணுவே?” என்றார் என் வீட்டுக்காரரின் அக்கா.

எனக்குக் கோபம் மூக்கின்மேல் உட்கார்ந்திருக்கும். “உருகுனா அதுலயே உங்களுக்கு ஒரு குடம் ஊத்தித் தர்றனுங்க அண்ணி” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு ஜன்னலைக் காப்பாற்றியாக வேண்டுமே.

புது வீட்டை மந்திரிக்கச் சர்ச் சாமியார் மாலை ஐந்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. முந்தின நாள் ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடித்தவர், வெள்ளைச் சட்டமெங்கும் நீலத்தைத் தெளித்துவிட்டுப் போயிருந்தார். காலையில் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாயங்காலம் அண்ணி முன்னால் என் மானம் போகப்போகிறது.

“அழுவாத அம்மணி, நானிருக்கறனல்ல” என்றார் வீட்டுக்காரர். மோட்டார் பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டுபவர் அவர். திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட்டும் பெயிண்ட் கரைக்கும் தின்னர் ஒரு பாட்டிலும் இருந்தால் உலகத்தில் போகாத கறை கிடையாது என்பது பட்டறைக்காரர்களின் நம்பிக்கை. நான் டீ வைக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது நீலம் போயிருந்தது. கூடவே பளபளப்பும் போயிருந்தது. தின்னர் பட்ட இடம் மங்கிப் பிசுபிசுத்து இளகியிருக்க, சட்டத்தை அழுத்திப் பிடித்த அவருடைய இடது கட்டைவிரல் ரேகை ஒரு கோடு விடாமல் அதில் பதிந்திருந்தது.

“ஏனுங்க, என்னத்தப் பண்ணிப்போட்டீங்க?”

“இரும்புல நல்லாப் போகுமே” என்றார், மெதுவாக.

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் பாட்டிலை மூடி வெளியே வைத்துவிட்டு, அடுத்த ஜன்னலடியில் வந்து உட்கார்ந்தார். இந்த முறை கண்ணுக்குத் தெரியாத மூலையில் முதலில் பார்த்தோம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் ஒட்டி வைத்து, பிறகு தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டோம். பிளேடு வேண்டாம், கீறிவிடும் என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்த பிளாஸ்டிக் சீப்பை எடுத்து, அதன் முதுகால் ஓரத்திலிருந்து நெம்பினார். நீலம் செதில் செதிலாக உரிந்து வந்தது. சட்டத்தில் ஒரு கீறல் இல்லை. மத்தியானச் சோறுகூட இல்லாமல் மிச்ச ஜன்னல்களை முடித்தோம்.

சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனதும், அண்ணி நேராக ரேகை பதிந்த அந்த ஜன்னலுக்குத்தான் போனார். குனிந்து பார்த்தார். என் மாமனார் அவிநாசிப் பக்கம் தோட்டத்துக் கூலியாக இருந்தவர். கடைசிவரைக்கும் கைநாட்டுத்தான். அந்த வீட்டில் முதலில் கையெழுத்துப் போட்டவர் என் வீட்டுக்காரர். கொரியர் வாங்கினாலும் அடியில் கோடிழுத்துப் போடுவார். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

“எங்கப்பனோட இந்த ஊட்டுல கைநாட்டு முடிஞ்சுதுன்னு இருந்தேன். படிச்ச மவராசன் நீயே வெச்சுப்போட்டயே தம்பி” என்றார் அண்ணி.

எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்காரரும் சிரித்தார், ஆனால் அந்த இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனதைப் பார்த்தேன். காலையிலிருந்து அவரைத் திட்டித் தீர்த்தவள் நான்தான். எனக்கே தாங்கவில்லை.

“அது எனக்காக வெச்சதுங்க அண்ணி” என்றேன்.

என் வீட்டுக்காரர் தவறிப்போய் வருடங்கள் ஆகிவிட்டன. கோடிழுத்த கையெழுத்தெல்லாம் எந்தெந்த ஆபீஸ் காகிதத்திலோ மக்கிப்போயிருக்கும். போன கிறிஸ்துமஸுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர், “இந்த எடத்தத் தேச்சு மட்டமாக்கிரலாமுங்கம்மா” என்றார். வேண்டாமென்று சொல்லி, பெயிண்ட் படாமல் அந்தச் சட்டத்தின் மேல் நானே பழைய புடவையைச் சுற்றிக் கட்டினேன்.

தூசி துடைக்கும்போது என் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்ப்பேன். என் விரலுக்கு அது கொஞ்சம் பெரிசு.