‘விடு’ என்றொரு பொத்தான்

ஒரு தாயின் துயரத்தைத் திருடி விளையாட்டாக்கி விற்றேன். அந்தத் திருட்டுச் சரக்கை அவள் கையாலேயே கடல் தாண்டியும் அனுப்பினேன். இதுதான் என் குற்றம்... சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வாயில்லை.

அந்தமானின் போர்ட் பிளேயரில், கராச்சர்மா பகுதியின் ஒரு மாடி அறையில், தனியாளாகச் செல்போன் விளையாட்டுகள் செய்து பிழைப்பவன் நான். முதல் மூன்றை எவரும் சீந்தவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு மதுரைக்கே போய்விடலாம் என்றிருந்தேன்.

கீழ்வீட்டில் ராசாத்தி அக்கா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிய குடும்பம்; சுனாமிக்குப் பிறகு இங்கே வந்துவிட்டார். ஒரு மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்:

“ரெண்டு கையிலயும் ரெண்டு புள்ளைங்க தம்பி. தண்ணி நெஞ்சுக்கு வந்துருச்சு. ஒரு கைய விட்டாத்தான் மரத்தப் புடிக்க முடியும்... சின்னவள விட்டேன். இத யாருகிட்டயும் சொன்னதில்ல.”

நான் அழுதேன். உண்மையாகவே அழுதேன்! பிறகு மாடியேறிப் போய், மறந்துவிடக்கூடாதே என்று நோட்டில் எழுதி வைத்தேன்.

அதுவே என் நான்காவது விளையாட்டானது. அலை துரத்துகிறது. இரண்டு குழந்தைகளோடு ஒருத்தி ஓடுகிறாள். திரையோரத்தில் ‘விடு’ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் ஒரு குழந்தை போய்விடும், வேகம் கூடும். இதை நான்தான் செய்தேன்.

எங்கள் தீவில் அப்போது இணையம் ஆமை வேகம். பெரிய கோப்பு பாதியிலேயே அறுந்துவிடும். மெயின்லேண்டுக்குக் கப்பலேறுபவரிடம் பென் டிரைவைக் கொடுத்துவிடுவோம். சென்னையில் நண்பன் அதை இணையத்தில் ஏற்றிவிடுவான். அந்த வாரம் கண் ஆபரேஷனுக்குக் கப்பலேறியவர்... ராசாத்தி அக்கா! வேறு ஆள் கிடைக்கும்வரை நான் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை.

“இதுல என்னா தம்பி?”

“ஆபீஸ் வேலைக்கா.”

“தண்ணி படாமக் கொண்டு போறேன், கவலப்படாத.”

இடுப்புச் சுருக்குப்பையில் முடிந்து, மூன்று நாள் கடலில் அதைக் காத்துக்கொண்டு போயிருக்கிறார்.

விளையாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. இன்றும் என் வயிறு நிறைவது அதனால்தான். விளையாடியவர்கள் கருத்துச் சொல்லும் இடத்தில் எவனோ எழுதியிருந்தான்: ‘ஆரம்பத்திலேயே ரெண்டையும் விட்டுடுங்க, ஈஸியா ஜெயிக்கலாம்.’ அவனுக்கு நான் நன்றி சொல்லிப் பதில் போட்டேன். ஆம்... நன்றி!

நீக்கிவிட வேண்டியதுதானே என்கிறீர்கள். நீக்கலாம். ஒரு தட்டு போதும். அடுத்த விளையாட்டு ஓடட்டும், பிறகு நீக்குகிறேன் என்று மூன்று வருஷமாக எனக்கு நானே சாக்குச் சொல்கிறேன். அடுத்தது எதுவும் ஓடவில்லை.

போன வாரம் அக்கா புதுப் போனோடு மாடியேறி வந்தார்.

“நீ பண்ண கேமு ஒண்ணு போட்டுக் குடு தம்பி. பெரியவகிட்டக் காட்டணும், எங்க தம்பி பண்ணதுன்னு.”

பெரியவள்... அவர் விடாத கை!

“இந்தப் போன்ல ஓடாதுக்கா.”

“அச்சா, பரவால்ல” என்று சிரித்தார். கிண்ணத்தில் கொண்டுவந்த மீன் குழம்பை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

நான் அதைச் சாப்பிட்டேன். ஒரு சொட்டு விடாமல்.