கிள்ளானிலிருந்து பழைய பேப்பர் கேட்கப் போன வழி

பிரிக்பீல்ட்ஸ் நூலகத்துக்குக் கிள்ளானிலிருந்து எப்படிப் போவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் அந்தப் பக்கம் முதலில் போனது 1944இல், ஜப்பான்காரன் காலத்தில். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், மகள் தட்டுகிறாள்.

அக்காவின் கணவரை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக் கொண்டுபோய் ஓராண்டு ஆகியிருந்தது. ஒரு தகவலும் இல்லை. அங்கே செத்தவர்கள் பெயர் பேப்பரில் வருகிறது, பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலையில் அதைச் சத்தமாக வாசிக்கிறார்கள் என்று யாரோ அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். "அவரு பேரு இருக்கா இல்லையான்னு மட்டும் கேட்டுட்டு வாடா," என்றாள்.

தூரம் சுமார் இருபது மைல். விடியுமுன் சைக்கிளை எடுத்தேன். டியூப் கிடைக்காத காலம். ரப்பர் குழாயை வெட்டிச் சக்கரத்தில் மாட்டியிருந்தேன். ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் ஏறும். பத்து தீகா என்ற ஊர்ப் பக்கம் பனி ரப்பர் மரங்களின் இடுப்புவரை நின்றது. மரங்களெல்லாம் மிதந்து போவது போலவும், நான் மட்டும் நின்ற இடத்திலேயே மிதிப்பது போலவும் இருந்தது. செலவு ஒன்றுமில்லை, மடியில் அவித்த மரவள்ளிக்கிழங்கு. உச்சி வேளைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வாசகசாலை என்பது ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் ஓர் அறை. வேலை போன கிராணி, அதாவது குமாஸ்தா, ஒருவர் வாசிப்பார். என்னைப் போன்றவர்கள் தரையில் உட்கார்ந்து கேட்போம். அத்தான் பெயரைச் சொன்னேன். சயாமுக்குப் போனவர்கள் பெயரைப் பேப்பரில் போடுவதே இல்லை என்றார். இருப்பது இரண்டு தாள், அதிலும் ஜப்பான்காரன் ஜெயித்த கதைதான்.

"பழசை எடுங்க ஐயா," என்றார்கள் எல்லோரும்.

சண்டைக்கு முந்தைய பேப்பர்க் கட்டை அவிழ்த்து வாசித்தார். நாகப்பட்டினத்துக் கப்பல் போர்ட் சுவெட்டன்ஹாமில், அதாவது இன்றைய போர்ட் கிள்ளானில், கரை பிடித்தது. வெங்காய மூட்டைகள் இறங்கின. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நானும் மூடினேன், கப்பல் சங்கு கேட்டது. அரிசி விலை வந்ததும் முடிவெட்டுகிற அண்ணன் ஒருவர், "மெதுவாப் படிங்க ஐயா, இன்னும் சாப்பிட்டு முடிக்கல," என்றார்.

வீட்டுக்கு வந்து, பெயர் இல்லை, போடுவதும் இல்லை என்றேன். கப்பல் செய்தியை வரி பிசகாமல் சொன்னேன். அக்கா இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். மறுவாரம் அவளே கேரியரில் ஏறி உட்கார்ந்தாள்.

கிராணி பழைய கட்டைத் தொட்டதும் அக்கா எழுந்து நின்றாள். "இன்னைக்குப் பேப்பரைப் படிங்க ஐயா. சண்டை முடிஞ்சா அதுலதானே போடுவாங்க. அவரு அதுக்கப்புறம்தானே வருவாரு."

ஜப்பான்காரன் ஆள் யார் காதிலாவது விழுந்துவிட்டதோ என்று கிராணி ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டார். பிறகு இரண்டு தாளையும் கடைசி விளம்பரம்வரை வாசித்தார். யாரும் கண்ணை மூடவில்லை.

சண்டை முடிந்தது. அத்தான் வரவில்லை.

இப்போது கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினால் கே.எல். சென்ட்ரல், அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் நடக்கும் தூரம்தான். பழைய பேப்பர் பார்க்க வேண்டுமானால் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். சயாமுக்குப் போனவர் பெயரைத் தேடிப் போகிறவர்கள் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். அக்கா கூட வந்த அன்றைக்குத் திரும்பிய இருபது மைலும் அவள் என் முதுகில் சாய்ந்துதான் வந்தாள்.