மழைக்கு எழும்பிய தரை

கண்டிக்கு அருகே அம்பிட்டியப் பக்கம் மலைச்சரிவில் நாங்கள் வாங்கிய வீட்டுக்குச் சிமெந்துத் தரை. மார்கழிக் காலையில் வெறுங்காலை வைத்தால் உச்சந்தலைவரை சில்லிடும். கண்டியிலேயே பிறந்த எனக்கே தாங்கவில்லை. யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த என் கணவர் கட்டிலிலிருந்து கதவுவரை குதித்துக் குதித்துத்தான் போவார். அதனால் வெயில் காலம் வந்ததும் ஹோலுக்கு மூங்கில் பலகை போட்டோம். ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், தேன் நிறப் பலகைகள். பலகை பதித்த தச்சு பாஸ் வேலையை முடித்துவிட்டுப் போனதும் சாமான்களைக்கூட உள்ளே எடுக்காமல், நாங்கள் இருவரும் காலுறையோடு சுவருக்குச் சுவர் சறுக்கி விளையாடினோம்.

வைகாசி முடிவில் மழை பிடித்தது. விடவே இல்லை. துணி காயவில்லை, உப்பு கசிந்தது, அலுமாரிக் கதவு இறுகிப்போனது. ஹோலின் நடுவில் தரை மெல்ல உப்பத் தொடங்கியது.

"உமக்குப் பிரமை," என்றார் கணவர். ஒரு வாரத்தில் அந்தப் பிரமையில் தடுக்கி அவரே விழுந்தார்.

அந்த நேரம் பார்த்து மாமி வருவதாகச் சொன்னார். என் கணவரின் அம்மா, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. கல்யாணமான நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. புதுத் தரையைப் பற்றிக் கணவர் தொலைபேசியில் பெருமையடித்து வேறு வைத்திருந்தார். என்ன செய்வது? மேட்டின்மேல் ஒரு பாயை விரித்தோம். ஒட்டகத்துக்குச் சால்வை போர்த்தியதுபோல் இருந்தது.

மாமி நனைந்த குடையோடும், ஒரு பை நிறையக் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தோடும் வந்து சேர்ந்தார். பையைச் சரியாக அந்தப் பாயின் உச்சியில் வைத்தார். பை சாய்ந்தது. பழங்கள் நாலாபக்கமும் உருண்டன. ஒன்று குசினிக்குள் அடுப்படிவரை போனது. இன்னொன்று வாசலைத் தாண்டிப் படியிறங்கியது. கணவர் அதைத் துரத்திக்கொண்டு மழைக்குள் ஓடினார்.

"என்ன பிள்ளை இது?" மாமி பாயை விலக்கிப் பார்த்தார். பிறகு மேட்டில் ஒரு காலை வைத்தார். அது அமுங்கி, சுவரோரம் கிரீச்சிட்டது. காலை எடுத்தார். மேடு எழும்பியது. மறுபடி வைத்தார், எடுத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் தேவைக்கு அதிகமாகவே மிதித்தார் என்று எனக்குப் பட்டது.

பாஸுக்குப் போன் போட்டால், மழை விடட்டும் பார்க்கலாம் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் குப்புறப் படுத்து, சுவரோரம் அடித்திருந்த மறைப்புச் சட்டத்தை நெம்பிக் கழற்றினேன். பலகைகள் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றன. சுண்டுவிரல் நுழைய இடமில்லை.

"என்னாங்க, இங்க பாருங்க! ஈரத்துக்குப் பலகை ஊதியிருக்கு. பக்கத்துல போக எடமில்லாம மேல கெளம்பிருச்சி!"

கணவர் பக்கத்து வீட்டில் வெட்டும் மெஷின் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். ஓரத்தை வெட்டும்போது மேட்டை யாராவது அமுக்கிப் பிடிக்க வேண்டும்.

"நான் இருக்கிறன்," என்றார் மாமி.

மேட்டின்மேல் கதிரையைப் போட்டு, பரீட்சை மண்டபத்தில் இருப்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார். மெஷின் அலறியது. மூங்கில் தூள் பறந்தது. கணவர் கடைசித் துண்டை வெட்டினாரோ இல்லையோ, 'டொம்!' என்று தரை முழுவதும் கீழே இறங்கியது. கதிரையும் இறங்கியது.

"ஐயோ, தம்பி!" என்று மாமி மகனைப் பார்த்துக் கத்தினார்.

மெஷின் நின்றது. மாமியின் கண்ணாடி மூக்கு நுனியில் தொங்கியது. தலையெல்லாம் தூள். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவருடைய தோள் ஒருமுறை குலுங்கியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் வழியச் சிரித்தார்.

"இன்னொருக்கா வெட்டடா!"

அதோடு எங்களுக்கும் சிரிப்புப் பிடித்துக்கொண்டது. கணவர் தூளிலேயே மல்லாந்துவிட்டார். ஒருவர் அடங்கினால் இன்னொருவர் 'டொம்' என்பார். உடனே மறுபடி தொடங்கும். மெஷினைத் திருப்பி வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கேட்காமலே போய்விட்டார்.

இது நடந்து சில வருடங்களாகின்றன. தரை பிறகு எழும்பவில்லை. ஜன்னலடியில் வெயில் பட்டு நிறம் வெளிறியிருக்கிறது. பிரஷர் குக்கர் விழுந்த இடத்தில் ஒரு பள்ளம். செருப்பு மண் கீறிய கோடுகளை எண்ண முடியாது. ஆனால் ஒரு பலகைகூட உளுக்கவில்லை, ஆடவுமில்லை.

அந்த முறை ஊருக்குப் புறப்படுமுன், தரையைக் கீறக்கூடாதென்று மாமி பழைய கம்பளித் துணியில் கதிரைக் கால்களுக்கெல்லாம் உறை தைத்துப் போட்டார். சிவப்பு, பச்சை, மஞ்சள். போன தீபாவளிக்கு மாமியும் வந்திருந்தார்; அன்று வந்த என் ஒஃபிஸ் தோழி அதைப் பார்த்து, "கதிரைக்கு எதுக்குங்க சொக்ஸ்?" என்று கேட்டாள்.

"கண்டியெல்லோ, பிள்ளை. அதுகளுக்கும் குளிருந்தானே," என்றார் மாமி, முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புக்கூட இல்லாமல்.