முதுகு திறந்த மானிட்டர்

டிவி, மானிட்டர் பழுதுபார்க்கும் சர்வீஸ் சென்டர் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடம் "சரிபண்ண முடியாதுங்க, புதுசு வாங்கிக்குங்க" என்று சொல்வதுதான் அவர் உத்தியோகம். சொல்லிச் சொல்லி, கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு 'முடியாது' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முடியாது என்று தள்ளிய பொருளை யாரும் எடுத்துப்போய் மறுபடி விற்றுவிடக் கூடாதல்லவா? அதற்காக உள்ளே ஓடும் கம்பிக்கொத்தைக் கட்டரால் வெட்டிவிடுவது அங்கே வழக்கம். அந்தக் கைங்கரியமும் அவருடையதே.

வீட்டுக்கு வந்தால் ஆள் நேர்மாறு. அவர் வாயாலேயே செத்துவிட்டதாக அறிவிக்கப்பட்டவற்றின் உறுப்புகள், கட்டிலுக்கடியில் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கிடக்கின்றன. வீட்டில் யாராவது "புதுசு வாங்கிடலாமே" என்றால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியின் பழைய மானிட்டர் கண்ணை மூடியது. பட்டனை அழுத்தினால் ஒரு கணம் வெளிச்சம், உடனே இருட்டு. வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போட்டுக் கொடுப்பவள் அவள். கழிவறை, சுற்றுச்சுவர் என்று உதிரியாகவே வரைந்துவந்தவளுக்கு முழுசாகக் கிடைத்த முதல் கட்டடம், ஒரு பள்ளிக்கூடம். சாயங்காலத்துக்குள் படம் இன்ஜினியருக்குப் போகாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

அவள் தம்பி கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். போனில் விஷயத்தைக் கேட்டதும், "புதுசு ஒண்ணு கொண்டாந்து வைக்கிறேன்க்கா" என்றான். இவர் போனைப் பிடுங்கினார்.

"மச்சான், உன் வியாபாரத்தை உன் கடையோட வச்சுக்க."

"சும்மாதான் மாமா தர்றேன்."

"சும்மா தர்றது எந்த லட்சணத்துல இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

மானிட்டர் மேசைமேல் குப்புறப் படுக்கவைக்கப்பட்டது. மூடியைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கொக்கிகள் விடுவதாக இல்லை. அதை வடிவமைத்தவனின் குடும்பத்தையே ஒரு சுற்று திட்டிமுடித்த பிறகுதான் திறந்தது. உள்ளே இரண்டு கெப்பாசிட்டர்கள் தலை உப்பிக் கிடந்தன. அவற்றை எடுத்துவிட்டு, அட்டைப்பெட்டியிலிருந்து அதே அளவில் இரண்டைப் பொறுக்கிப் பற்றவைத்தார். நல்ல வேலை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆச்சா?" என்றாள் பின்னால் நின்ற மனைவி, அவர் பிளக்கைச் செருகிப் பார்ப்பதற்குள்ளேயே.

"ஆகும்."

"ஆச்சான்னு கேட்டேன்."

"தலைக்கு மேல நின்னுக்கிட்டு உயிரை வாங்காத!"

"தம்பியை வரவிட்டிருந்தா இந்நேரம் நான் மாடி வரைக்கும் கட்டியிருப்பேன். ஊருக்கெல்லாம் முடியாதுன்னு சொல்றீங்க, பொண்டாட்டிகிட்ட சொல்ல மட்டும் வாய் வரலையா?"

"சரிடி, முடியாது! போதுமா?"

வாய் அந்த வார்த்தையைச் சொன்னதும் கை தன் கடமையைச் செய்தது. பக்கத்திலிருந்த கட்டரை எடுத்து, இரண்டு சர்க்யூட் பலகைகளுக்கு நடுவே ஓடிய கம்பிக்கொத்தை நறுக்கென்று வெட்டிப்போட்டது.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப எதுக்குங்க வெட்டினீங்க?" என்று மிக மெதுவாகக் கேட்டாள். அவள் கத்தும்போது பயப்படத் தேவையில்லை; மெதுவாகப் பேசினால்தான் ஆபத்து.

"அது... பழக்கத்துல..."

அவள் தம்பிக்குப் போன் போட்டாள். "மாமாதான் வேணாம்னுட்டாரேக்கா! கடையைப் பூட்டிட்டு வெளியூருக்கு பஸ் ஏறிட்டேன்" என்றான்.

போனை வைத்துவிட்டு, "ஒட்டுங்க" என்றாள்.

ஒட்டினார். சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு. கோபத்தில் முனையோடு முனை சேரவே இல்லை. யார்மேல் கோபம் என்று தீர்மானிக்க முடியாததால் அது இன்னும் கூடியது. அவளே கம்பி முனைகளை அசையாமல் பிடித்துக்கொண்டாள். வரைகிற கை, பிசகவில்லை. டேப் சுற்றி, பிளக்கைச் செருகினார்கள். வெளிச்சம் வந்தது. அந்த ஒரு கணம் தாண்டியும் நின்றது.

மானிட்டரைச் சுவரில் சாய்த்துவைத்து அப்படியே வரைய உட்கார்ந்துவிட்டாள். இவர் பின்மூடியோடு வந்தார்.

"கிட்ட வராதீங்க."

"ஷாக் அடிக்கும்டி."

"எனக்கு எப்பவோ அடிச்சாச்சு."

"சரிபண்ணினது யாரு?"

"வெட்டினது யாரு?"

ஒரு நன்றிகூட இல்லையே என்று பொருமிக்கொண்டு, மூடியைத் தட்டுபோல ஏந்தியபடி கதவோரமாகவே நின்றார். பள்ளிக்கூடத்துக்குச் சுவர் எழுந்தது, படிக்கட்டு ஏறியது, மாடி வந்தது. பொழுது சாய்வதற்குள் படம் இன்ஜினியருக்குப் போய்விட்டது. மானிட்டரை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் அவள் திரும்பினாள்.

"இப்பவாவது மூடலாமா?"

"கட்டர் எங்க? முதல்ல ரெண்டு கையையும் காட்டுங்க."

மூடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, அவர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார்.